முருங்கையில் இருந்தது எந்த மயிர்க்கொட்டி?

2023 மார்கழியில் ஒரு நாள் காலை, என் பெறாமகன் கழுத்திலும் முழங்கையின் உட்பக்கத்திலும் சிவந்த தடிப்புகளுடன் எழும்பினான். ஆறு வயதுப் பிள்ளை. "கடிக்குது, கடிக்குது" என்று சொறிந்துகொண்டே இருந்தான். இறால் சாப்பிட்டதாலோ, நுளம்போ என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பல் விளக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போன அத்தான்தான் முற்றத்து முருங்கையைக் காட்டினார். அடிமரத்தில், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில், கம்பளித் துண்டொன்றை ஒட்டிவைத்தது போல மயிர்க்கொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன. மேலே அண்ணாந்து பார்த்தால் பாதிக் கொப்புகளில் ஈர்க்கு மட்டும்தான் மிச்சம்.

"மரத்தைத் தறிச்சுப்போட்டு வேற வேலையைப் பாப்பம்" என்றார் அத்தான். பிள்ளையின் உடம்பைப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழை சொல்ல முடியாது. அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அம்மா பேசாமல் போனால் அது சம்மதம் இல்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் காணி வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 யூன் மாதம் பலாலியைச் சுற்றிச் சண்டை தொடங்கியபோது எனக்கு ஒரு வயது. உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள் 2018இல் காணி விடுவிக்கப்பட்ட பிறகுதான் உள்ளே போனோம். வீட்டின் அத்திவாரம் இருந்தது. கிணறு பாதி தூர்ந்திருந்தது. அம்மா பெயர் சொல்லித் தேடிய மாவோ, பலாவோ, எலுமிச்சையோ ஒன்றும் இல்லை. ஆனால் முருங்கை மட்டும் இன்னொரு இடத்தில் உயிரோடு இருந்தது. 1987இல் கலியாணம் முடித்து மானிப்பாய்ப் பக்கம் போன சின்னம்மா, எங்கள் வளவு முருங்கையில் ஒரு தடியை வெட்டிக்கொண்டு போய்த் தன் வேலியில் கதியாலாக நட்டிருந்தார். 1995 ஒக்டோபரில் அவர்களும் எழும்பி தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது, வீட்டுக் கூரை இல்லை, வேலி முருங்கை நின்றது. அதில் வெட்டிய தடிதான் இப்போது எங்கள் முற்றத்தில் நிற்பது. விதையில் முளைத்தால் அது பிள்ளை மரம். தடியில் வளர்ந்தால் அதே மரம்தான். பழைய வளவில் எங்களுக்கு மிஞ்சிய ஒரே உயிர் அது. அத்தானுக்கு இந்தக் கதை தெரியும், ஆனாலும் அவருக்கு மகனின் கழுத்துத் தடிப்பு முன்னால் நின்றது.

எனவே முதலில் இது எந்தப் புழு, பிள்ளைக்குத் தடிப்பு வந்தது இதனாலா என்று கண்டுபிடித்துவிட்டு முடிவெடுப்போம் என்று ஒரு கிழமைத் தவணை கேட்டேன். பத்திரிகை வேலையில் பழகிய ஆயுதம் அது ஒன்றுதான்.

முதலில் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ஒரு செயலிக்குக் கொடுத்தேன். மூன்று படத்துக்கு மூன்று பெயர் வந்தது. அதில் ஒன்று நம் நாட்டிலேயே இல்லாத பூச்சி. பிழை செயலியில் மட்டும் இல்லை. நான் கொடுத்தது மங்கலான, மேலிருந்து எடுத்த, புழு மட்டும் தெரிகிற படம். புழுவை அடையாளம் காண்பதில் புழுவின் உருவம் பாதிச் சாட்சிதான். மீதிப் பாதி, அது எந்தச் செடியில் இருந்தது, தனியாகவா கூட்டமாகவா, எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பவை. அந்துப்பூச்சிகளில் பல, குறிப்பிட்ட சில செடிகளைத் தவிர வேறெதிலும் முட்டையிடாது. ஆகவே "முருங்கையில் இருந்தது" என்ற ஒரு சொல்லே ஆயிரக்கணக்கான பெயர்களைத் தள்ளிவிடுகிறது. அந்தச் சொல்லைத்தான் நான் செயலிக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். பக்கத்திலிருந்து ஒரு படம், தலையை நெருங்கி ஒரு படம், அளவு தெரிய ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைத் தடியால் தள்ளி அருகில் வைத்து ஒரு படம், தின்ற இலையோடு ஒரு படம். கையால் தொடவில்லை. 2002 சமாதான காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு மிதிவெடிப் படங்களோடு வந்து சொல்லித் தந்த பாடம் அப்போது நினைவுக்கு வந்தது: தெரியாத பொருளைத் தொடாதே, நகர்த்தாதே, இடத்தை நினைவில் வை, தெரிந்தவருக்குச் சொல். என் வயதுக்காரர் பலருக்கு ஒரு பொருளை நிறத்தையும் வடிவத்தையும் வைத்துப் பிரித்தறியும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. மயிர்க்கொட்டிக்கும் அந்த நாலு வரி அப்படியே பொருந்துகிறது.

கால்களையும் எண்ணினேன். இது எல்லோரும் செய்யக்கூடிய முதல் சோதனை. வண்ணத்திப்பூச்சி, அந்துப்பூச்சி இரண்டின் புழுக்களுக்கும் நெஞ்சுப் பகுதியில் மூன்று சோடி உண்மையான கால்கள் இருக்கும். வயிற்றுப் பகுதியில், பிடித்துக்கொள்ள உதவும் சதைக் கால்கள், கடைசிச் சோடியையும் சேர்த்து, கூடியது ஐந்து சோடி. அதற்கு மேல் இருந்தால் அது குளவியின் உறவான வேறொரு பூச்சியின் புழு. எங்கள் மரத்தில் இருந்தவற்றுக்கு ஐந்து சோடிதான். சின்னவிரல் நீளம், மண்ணிறம், உடம்பு முழுக்க அடர்ந்த மெல்லிய மயிர். பகலில் அடிமரத்தில் கூட்டமாக அசையாமல் கிடந்தன. இரவு ஒன்பது மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால் அடிமரம் வெறுமையாக இருந்தது. எல்லாம் மேலே ஏறி மேய்ந்துகொண்டிருந்தன.

இந்தப் படங்களையும் குறிப்பையும் கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த விவசாயப் போதனாசிரியர் படத்தைப் பார்க்க முன்னமே, "முருங்கையிலயோ? பகலில அடிமரத்திலயோ?" என்று கேட்டார். இரண்டுக்கும் ஓம் என்றதும் பெயரைச் சொல்லிவிட்டார். முருங்கை மயிர்க்கொட்டி. விஞ்ஞானப் பெயர் யூப்டெரோட் மொல்லிஃபெரா. 1865இல் பிரான்சிஸ் வோக்கர் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வைத்த பெயர். மொல்லிஃபெரா என்றால் இலத்தீனில் மென்மையைச் சுமப்பது என்று பொருள். அவர் அதைச் சட்டைக்குள் விட்டுப் பார்த்திருக்கமாட்டார்.

ஆனால் போதனாசிரியர் ஒரு நிபந்தனையும் போட்டார். இந்த இனத்துக்கு நெருங்கிய உறவுகள் இருக்கின்றன, புழுவாக இருக்கும்போது அவற்றைப் பிரிப்பது கடினம், பூச்சி வெளியே வந்த பிறகுதான் உறுதியாகச் சொல்லலாம் என்றார். அதனால் கையுறை போட்டு ஐந்து புழுக்களைப் பிடித்து, அடியில் மண் போட்ட ஒரு பெரிய போத்தலில் முருங்கை இலையோடு விட்டு, வாயை வலைத்துணியால் கட்டினேன். அக்கா அதைக் குசினிக்குள் வைக்க விடவில்லை. விறகுக் கொட்டிலில் வைத்தோம்.

அவற்றின் வாழ்க்கை இப்படி. மழை பெய்து மண் நனைந்ததும் பூச்சிகள் நிலத்திலிருந்து வெளியே வரும். வெளிர் மஞ்சள் கலந்த மண்ணிறம், பெரிய உடம்பு. தாய்ப்பூச்சி இலைகளிலும் இளந்தண்டுகளிலும் முட்டைகளைக் கொத்தாக இடும். பொரித்த குஞ்சுகள் பிரிந்து போகாமல் ஒன்றாகவே வளரும். இலையைத் தின்னும், பட்டையையும் சுரண்டும். தோல் கழற்றும்போதும் கூட்டமாகவே இருக்கும். வளர்ந்து முடிந்ததும் மரத்தை விட்டிறங்கி, அடியிலுள்ள மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். மரத்தை மொட்டையாக்குவது உண்மை. ஆனால் முருங்கையை நாங்களே வருடாவருடம் கொப்புத் தறிக்கிறோம், அது திரும்பத் தழைக்கிறது. நல்ல வேர் பிடித்த மரம் இலை போனதால் மட்டும் சாவது அரிது. புதிதாக நட்ட தடிக்குத்தான் ஆபத்து.

அப்படியென்றால் மரத்தைக் காப்பாற்றுவது பெரிய வேலையில்லை. பிள்ளையின் தடிப்புத்தான் கேள்வி. அவன் மயிர்க்கொட்டியைத் தொடவே இல்லை என்று சத்தியம் பண்ணினான். பயந்த பிள்ளை, பொய் சொல்லவில்லை என்றுதான் எனக்கும் பட்டது. தடிப்பு இருந்த இடங்களைத் திரும்பப் பார்த்தேன். கழுத்து, காதுக்குப் பின்பக்கம், முழங்கை மடிப்பு. தொட்டிருந்தால் உள்ளங்கையிலோ விரலிலோதானே முதலில் வரவேண்டும்?

விடை எங்கள் உடுப்புக் கொடியில் இருந்தது. கொடியின் ஒரு முனை தூணில், மற்ற முனை முருங்கையில். பிள்ளையின் துவாய் எப்போதும் மரத்தோடு ஒட்டிய பக்கத்தில்தான் காயும், ஏனென்றால் அவனுக்கு எட்டுகிற உயரம் அங்கேதான். மயிர்க்கொட்டியின் மயிர் சுலபமாக உதிரும். கழற்றிப்போட்ட தோல்களிலும் அது அப்படியே இருக்கும். புழு செத்த பிறகும் மயிர் தன் வேலையைச் செய்யும். காற்றில் வந்து ஈரத் துவாயில் ஒட்டிய மயிரை, குளித்துவிட்டு அவன் கழுத்திலும் கையிலும் தேய்த்திருக்கிறான். துவாயை வெயிலில் பிடித்துப் பார்த்தபோது நூலுக்கு நடுவே மெல்லிய துரும்புகள் மின்னின. எல்லாத் துணியையும் திரும்பத் தோய்த்து, கொடியை வீட்டுக்குப் பின்னால் மாற்றினோம். நாலாம் நாள் அவன் சொறிவதை நிறுத்திவிட்டான்.

மயிர் பட்டால் என்ன செய்வது என்பதில் எங்கள் வீட்டிலேயே மூன்று வைத்தியம் இருந்தது. சரியானதைச் சொல்கிறேன். தேய்க்கவோ சொறியவோ கூடாது, தேய்த்தால் மயிர் தோலுக்குள் இறங்கும். செலோ டேப்பை அந்த இடத்தில் மெதுவாக ஒட்டி உரித்தெடுங்கள். ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு. பிறகு ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். போட்டிருந்த உடுப்பைக் கழற்றித் தோயுங்கள். குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம், கலமைன் பூசலாம். மயிர் கண்ணில் விழுந்தால் கசக்காமல் நல்ல தண்ணீரால் கழுவிக்கொண்டு கண் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போகவேண்டும். சில மயிர்களில் நுண்ணிய முட்கள் இருப்பதால் அவை கண்ணுக்குள் மெல்ல மெல்ல நகர்ந்து, பிறகு பெரிய பிரச்சினையாகலாம். மூச்சு வாங்கினாலோ, உதடு முகம் வீங்கினாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

இனி மரத்துக்கு வருவோம். பக்கத்து வளவு மாமா சூள் கட்டிக்கொண்டு வந்தார். காய்ந்த தென்னோலையைக் கட்டிப் பற்றவைத்து அடிமரத்தில் கிடக்கும் கூட்டத்தைப் பொசுக்குவது எங்கள் ஊரில் தலைமுறையாகச் செய்வது. முட்டாள்தனமானதும் இல்லை. பகலில் எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து கிடக்கும் என்ற பழக்கத்தைக் கவனித்தவர்கள்தான் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், விவசாயக் கையேடுகளும் இந்த முறையைச் சொல்கின்றன. அம்மா சொல்வார், பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெய்க்கு வழியில்லாததால் பந்தம் இல்லை, ஓலைச் சூள்தான் என்று. ஆனால் எரிக்கும்போது மயிர் சூட்டுக் காற்றோடு மேலே பறக்கும். அண்ணாந்து நின்று சூள் பிடிப்பவரின் கண்ணுக்கு நல்லதில்லை. முருங்கைப் பட்டை மென்மையானது, கருகினால் புண்ணாகும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் வேண்டாம் என்றேன். மாமாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

நாங்கள் செய்தது இது. காலை எட்டு மணிக்கு, காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, முதலில் கூட்டத்தின்மேல் தண்ணீர் தெளித்து மயிரை நனைத்தோம். நீளக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணுக்கு மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் கண்ணாடி. பழைய அகப்பையால் அடிமரத்திலிருந்து வழித்து, சவர்க்காரத் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் விழுத்தினோம். அரை மணித்தியாலத்தில் முடிந்தது. செத்தவற்றைக் குழி வெட்டி மூடினோம். விளக்குமாற்றால் கூட்டவில்லை, கூட்டினால் மயிர் கிளம்பும். இரண்டு நாள் கழித்துத் தப்பியவற்றை இன்னொரு முறை வழித்தோம்.

மருந்தடிப்பது பற்றியும் பேச்சு வந்தது. அம்மாவின் சட்டம் ஒன்று, பூச்சிமருந்துப் போத்தல் இந்த வளவுக்குள் வரக்கூடாது. ஏனென்று எங்கள் ஊர்களில் யாரும் கேட்பதில்லை. இடம்பெயர்ந்தும், கடன்பட்டும், ஆளைத் தொலைத்தும் இருந்த எத்தனை வீடுகளில் அந்தப் போத்தல் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை வீதம் மிகக் கூடிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. 1995இலிருந்து மிக நச்சான மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அந்த வீதம் பெருமளவு குறைந்தது. பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் மூன்றும் 2008க்கும் 2011க்கும் இடையில் விலக்கப்பட்டன. அதைவிட எளிய காரணமும் இருக்கிறது. முருங்கையில் நாங்கள் இலையையும் காயையும் பூவையும் தின்கிறோம். மரம் உயரம், ஆகவே தெளிப்பது தெளிப்பவரின் தலையில்தான் விழும். அடிமரத்தில் வழித்தெடுக்கக்கூடிய ஒன்றுக்கு அது தேவையே இல்லை.

பெயர் தெரியாமல் கொல்வதில் இன்னொரு நட்டமும் உண்டு. அந்த ஒரு கிழமை புழுத் தேடி வளவெல்லாம் திரிந்ததில், நந்தியாவட்டையில் என் விரல் தடிப்பில் ஒரு பச்சைப் புழு அகப்பட்டது. தலைப்பக்கத்தில் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய "கண்", வாலில் ஒரு சின்னக் கொம்பு. அக்கா செருப்பைத் தூக்கிவிட்டார். அந்தக் கண் வெறும் கோலம், பறவையை வெருட்ட. கொம்பு குத்தாது. அலரியையும் நந்தியாவட்டையையும் தின்று வளரும் அது, மண்ணுக்குள் போய், பச்சையும் ஊதாவும் கலந்த அழகான பெரிய அந்துப்பூச்சியாக வெளியே வரும். எலுமிச்சைக் கன்றில் காக்கை எச்சம் போல ஒட்டியிருப்பதும் தீங்கற்றதுதான், பிறகு பச்சையாக மாறி வண்ணத்திப்பூச்சியாகப் போகும். கன்று சின்னதென்றால் எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள். மறுபக்கம், தென்னோலையிலும் மா இலையிலும் முள்முள்ளாகப் பச்சை நிறத்தில் நத்தை போல ஊரும் ஒன்று இருக்கிறது. அழகாக இருக்கும், பட்டால் நெருப்புச் சுட்டது போல எரியும். அதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டிக்கொடுங்கள்.

சோளம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018இல் நாட்டுக்குள் வந்த படைப்புழுவுக்கு மயிர் அடர்த்தியாக இருக்காது. தலையில் கவிழ்த்த ஆங்கில வை எழுத்துப் போல வெளிர் கோடு, வால் பக்கத்தில் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. இந்த இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் நாள் கடத்தாமல் போதனாசிரியரிடம் சொல்லுங்கள். அது ஒரு வளவோடு நிற்கிற விஷயம் இல்லை.

எங்கள் முருங்கை தையிலேயே துளிர்த்துவிட்டது. மாசியில் அம்மா முதல் இலை ஆய்ந்து வறுத்தார். அத்தானும் சாப்பிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

விறகுக் கொட்டில் போத்தலில் விட்ட ஐந்தில் இரண்டு காய்ந்து செத்தன. ஒன்றிலிருந்து பூச்சிக்குப் பதிலாகச் சாம்பல் நிற இலையான்கள் வெளியே வந்தன. மயிர்க்கொட்டியின் உடம்புக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் ஒட்டுண்ணி ஈக்கள் அவை. மருந்தடித்தால் முதலில் சாவது இவைதான். செண்பகத்தையும் குயிலையும் போல இவையும் எங்கள் பக்கத்து ஆட்கள். மிச்சம் இரண்டும் மாதக்கணக்கில் மண்ணுக்குள் அசையாமல் கிடந்தன. வீசிவிடச் சொல்லி அக்கா இரண்டு தடவை கேட்டார்.

அடுத்த மாரி மழை தொடங்கிய கிழமை, ஒரு காலை போத்தலின் வலைத்துணியில் மஞ்சள் கலந்த மண்ணிறத்தில் ஒரு பூச்சி இறக்கையை விரித்து ஒட்டியிருந்தது. படமெடுத்துப் போதனாசிரியருக்கு அனுப்பினேன். "அதுதான்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. அன்றிரவு திண்ணை மின்குமிழைச் சுற்றியும் அதே பூச்சிகள் மூன்று நாலு வந்தன. பெறாமகன் இப்போது டோர்ச்சும் ஏணியுமாக நிற்கிறான். எட்டுகிற கொப்புகளில் இலைக்கு அடிப்பக்கம் முட்டைக் கொத்துத் தேடுவது அவன் வேலை. எட்டாத கொப்புகளை அத்தான் வளைத்துக் கொடுக்கிறார்.